பழைய இசைத்தட்டுகளைக் கேட்கவும் கணினியில் ஏற்றவும் எந்த பிளேயர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கங்களில் பழைய வீடுகளைப் பிரிக்கும்போதும் பரணை ஒழிக்கும்போதும் இசைத்தட்டுகள் வெளிவருவது இன்னும் நின்றபாடில்லை. அவற்றை எடுத்துக்கொண்டு வருபவர்களின் ஊர் வேறாக இருந்தாலும் சந்தேகங்கள் ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் மூன்றையும் படித்துவிட்டு மற்றவற்றுக்குப் போவது நல்லது. பின்னால் வரும் விடைகள் பல அவற்றையே சார்ந்து நிற்கின்றன.

1. பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் தட்டு கிடைத்திருக்கிறது சார். எந்த பிளேயர் வாங்கட்டும்?

பிளேயரைப் பற்றி யோசிப்பதற்கு முன் தட்டுகளை வேகப்படி மூன்று குவியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று, 45 சுற்று, 33⅓ சுற்று என்ற வேகம் பெரும்பாலான லேபிள்களில் அச்சிடப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் அளவையும் பாட்டின் நீளத்தையும் வைத்து ஊகிக்கலாம். 10 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு ஒரே பாட்டு, அதுவும் 3 நிமிடம்தான் என்றால் அது 78. ஏழு அங்குலச் சிறிய தட்டு 45. பக்கத்துக்கு 20 நிமிடம் ஓடும் 12 அங்குலத் தட்டு 33⅓, அதாவது எல்.பி.

நம் பக்கத்துப் பெட்டிகளில் நாகஸ்வரமும் நாடகப் பாட்டும் 78-இலும், சினிமாப் பாட்டு 45-இலும், கச்சேரி எல்.பி.யிலும் இருப்பதே வழக்கம். எந்தக் குவியல் பெரியது, அதைவிட முக்கியமாக எந்தக் குவியல் வேறெங்கும் கிடைக்காதது என்று பார்த்து, அதற்கேற்ற பிளேயரை வாங்க வேண்டும். கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் சினிமாப் பாட்டு எல்.பி.க்களுக்காகப் பெரும் பணம் செலவழித்துவிட்டு, எங்கும் கிடைக்காத நாகஸ்வர 78-களை ஓட்ட வழியில்லாமல் நிற்பவர்களே அதிகம்.

2. கறுப்பாக இருப்பதெல்லாம் வினைல்தானே?

இல்லை. 78 தட்டுகள் அரக்கில் கல்தூளும் கரிப்பொடியும் கலந்து அழுத்திச் செய்யப்பட்டவை. கனமானவை, கீழே விழுந்தால் உடைந்துவிடும். எல்.பி.யும் பிற்கால 45-உம் வினைல் என்னும் பிளாஸ்டிக். எல்.பி.யை அமெரிக்காவில் கொலம்பியா 1948-இலும், 45-ஐ ஆர்.சி.ஏ. விக்டர் 1949-இலும் கொண்டுவந்தன. ஆனால் இந்தியாவில் 1960களின் பிற்பகுதி வரை 78 தட்டுகள் வந்துகொண்டிருந்ததால், ஒரே படத்தின் பாட்டு இரண்டு வகையிலும் கிடைப்பதுண்டு.

ஐயமிருந்தால் தட்டை நடுத்துளையில் ஒரு விரலால் தாங்கிக்கொண்டு, விளிம்பை நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். அரக்கு, பீங்கான் கோப்பையைத் தட்டியது போல் கணீரென்னும்; வினைல் மந்தமாக ஒலிக்கும். வளைத்துப் பார்த்துச் சோதிப்பது மட்டும் வேண்டாம். அரக்காக இருந்தால் அந்தச் சோதனையே கடைசிச் சோதனையாகிவிடும்.

3. ஊசி என்ன பெரிய விஷயமா? எல்லாத் தட்டுக்கும் ஒரே ஊசி போதாதா?

போதாது. இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு விடையை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். 78 தட்டின் வரிப்பள்ளம் அகலமானது. அதற்கான ஊசியின் முனை ஆரம் ஏறக்குறைய அங்குலத்தில் ஆயிரத்தில் 3 பங்கு, அதாவது 75 மைக்ரான். ஸ்டீரியோ எல்.பி.க்கான ஊசி முனை அதில் கால் பங்குதான், சுமார் 18 மைக்ரான். எல்.பி. ஊசியை 78-இல் வைத்தால் அது பள்ளத்தின் சுவர்களைத் தொடாமல் அடியில் போய் உட்கார்ந்து, பல பத்தாண்டுத் தூசியை உழுதுகொண்டு போகும். பாட்டு மெலிந்து, கரகரப்பு ஓங்கிக் கேட்கும். 78 ஊசியை எல்.பி.யில் வைத்தாலோ அது பள்ளத்துக்குள் இறங்காமல் மேல் விளிம்புகளைச் சிதைத்துவிடும்.

ஆகவே 78-உம் எல்.பி.யும் கலந்து வைத்திருப்பவர், ஊசியைக் கழற்றி மாற்றக்கூடிய பிளேயரையே வாங்க வேண்டும். மர வேலைப்பாடு, புளூடூத், விளக்கு எல்லாம் இதற்குப் பிறகுதான். அந்த ஊசி தேய்ந்தால் மாற்று ஊசி கிடைக்குமா என்பதையும் வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ கடைக்குப் போய் உடனே வாங்கிவரும் பொருளாக அது இன்று இல்லை. தபாலில்தான் வர வேண்டியிருக்கும்.

4. எங்கள் வீட்டில் சாவி கொடுக்கிற கிராமபோன் பெட்டி நல்ல நிலையில் இருக்கிறது. அதிலேயே எல்லாவற்றையும் போட்டுக் கேட்கலாமா?

78 அரக்குத் தட்டுகளை மட்டும் போடலாம். அதுவும் ஒரு பக்கத்துக்கு ஒரு புது எஃகு ஊசி என்ற பழைய ஒழுங்கின்படி. அரக்கில் கலந்திருக்கும் கல்தூள் ஊசி முனையைத் தேய்த்துத் தனக்கேற்ற வடிவத்துக்குக் கொண்டுவரும்படி அமைந்தது அந்த முறை; தேய்ந்த ஊசியை மறுபக்கத்துக்கும் பயன்படுத்தினால் ஊசி தட்டைத் தேய்க்கத் தொடங்கும். அந்தப் பெட்டியில் ஊசியைப் பிடித்திருக்கும் ஒலிப்பேழை ஊசியின் மேல் 100 கிராமுக்கும் மேலாக அழுத்துவது. இன்றைய பிளேயரில் அந்த எடை 2 கிராம். எனவே எல்.பி.யை அதில் போட்டால் அந்த ஒரு முறையோடு தட்டின் ஆயுள் முடிந்துவிடும்.

கணினியில் ஏற்றுவதற்கு அது உதவாது. புனலின் முன் மைக்கை வைத்துப் பதிவு செய்தால் கிடைப்பது அந்தப் பெட்டியின் ஒலியே தவிரத் தட்டில் உள்ளது முழுவதும் அல்ல. குடும்ப விழாவில் கேட்டு மகிழ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

5. தாத்தாவின் ஹெச்.எம்.வி. ஃபியஸ்டா இருக்கிறது. பழுது பார்த்தால் போதுமா, புதிது வாங்கத்தான் வேண்டுமா?

கேட்பதற்கு மட்டும் என்றால் பழுது பார்ப்பது நல்ல யோசனை. அந்தக் காலத்து மின்சார பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்குறியாக மாற்றும் பகுதி) இருக்கும். பலவற்றில் தலையின் நுனியில் ஒரு சிறு நெம்பும் இருக்கும். அதை ஒரு பக்கம் திருப்பினால் 78 ஊசி, மறுபக்கம் திருப்பினால் எல்.பி. ஊசி. நெம்பைத் திருப்பாமலே பல ஆண்டுகள் ஓட்டியிருப்பார்கள் என்பதால், ஒரு பக்கத்து ஊசி மழுங்கியும் மறுபக்கம் புத்தம் புதிதாகவும் இருப்பதைப் பார்க்கலாம். தட்டைச் சுழற்றும் ரப்பர் சக்கரம் இறுகியிருக்கும், அச்சில் இட்ட கிரீஸ் கெட்டியாகியிருக்கும். இரண்டையும் நம் ஊர் ரேடியோ மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார்.

நல்ல நிலையில் உள்ள எல்.பி.யை இதில் ஏற்றிப் பதிவு செய்வதை நான் ஆதரிப்பதில்லை. ஊசி அழுத்தம் அதிகம், எதிரே எடை போட்டுக் குறைக்கவும் வழியில்லை. அழுத்தத்தை அளக்க நகை நிறுக்கும் சிறிய டிஜிட்டல் தராசே போதும். தராசின் தட்டு மட்டும் இரும்பாக இருக்கக் கூடாது. காந்தம் உள்ள கார்ட்ரிட்ஜை அது இழுத்துத் தவறான எடையைக் காட்டும்.

6. சூட்கேஸ் மாதிரி அழகாக மடக்கி வைக்கிற புது பிளேயர் மலிவாகக் கிடைக்கிறதே, மூன்று வேகமும் இருக்கிறதே?

மூன்று வேகம் இருக்கும். மூன்று வேகத்துக்கும் ஒரே ஊசிதான் இருக்கும். மூன்றாம் விடையைப் பாருங்கள். அதோடு ஸ்பீக்கர் அதே பெட்டிக்குள் இருப்பதால், அதன் அதிர்வு ஊசிக்கே திரும்பி வந்து பதிவில் கலக்கும். ஊசி அழுத்தத்தை மாற்ற முடியாது. பரிசாக வந்திருந்தால் சந்தையில் வாங்கிய பழைய தட்டுகளைப் போட்டுக் கேளுங்கள். குடும்பத்துத் தட்டுகளை அதில் வைக்க வேண்டாம்.

7. இதுவும் வேண்டாம், அதுவும் வேண்டாம் என்றால் எதைத்தான் வாங்குவது?

78 ஒன்றுகூட இல்லாத வீட்டுக்கு ஆடியோ-டெக்னிகா ஏ.டி.-எல்.பி.60எக்ஸ் போன்ற எளிய தானியங்கி பிளேயர் போதும். அதில் 33⅓, 45 என்ற இரண்டு வேகமே உண்டு. ஊசி அழுத்தத்தைத் தொழிற்சாலையிலேயே அமைத்து அனுப்பிவிடுவதால் நாம் தொட ஒன்றுமில்லை. பொத்தானை அழுத்தினால் ஊசியைத் தாங்கும் கை தானே போய் அமர்ந்து, பாட்டு முடிந்ததும் தானே திரும்பிவரும். பெரியவர்கள் தனியே இருக்கும் வீட்டுக்கு அதுவே ஏற்றது.

78-உம் எல்.பி.யும் கலந்திருந்தால், மூன்று வேகம், பின்புற எடையால் சரிசெய்யக்கூடிய ஊசி அழுத்தம், கழற்றி மாட்டக்கூடிய தலை (கையின் நுனியில் கார்ட்ரிட்ஜைப் பூட்டும் பகுதி), வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைக்கும் வசதி ஆகிய நான்கும் உள்ள பிளேயர் வேண்டும். அதே நிறுவனத்தின் ஏ.டி.-எல்.பி.120எக்ஸ் யு.எஸ்.பி. இந்த நான்கையும் கொண்டது. அதனுடன் வரும் வி.எம்.95இ கார்ட்ரிட்ஜில் ஊசியை மட்டும் உருவிவிட்டு, அதே வரிசையில் 78-க்கென்று விற்கும் ஊசியைச் செருகிக்கொள்ளலாம். செருகியபின் அந்த ஊசியின் உறையில் சொல்லியிருக்கும் அழுத்தத்துக்கு எடையைத் திருத்த வேண்டும். தலைகள் இரண்டு வாங்கி, ஒன்றில் 78 கார்ட்ரிட்ஜையும் மற்றொன்றில் எல்.பி. கார்ட்ரிட்ஜையும் நிரந்தரமாகப் பூட்டி வைத்துக்கொள்வது இன்னும் வசதி. வேறு நிறுவனத்துப் பொருளானாலும் இந்த நான்கையும் பார்த்து வாங்குங்கள்.

பழைய பிளேயர் பட்டியல்களில் 16 என்றொரு வேகமும் இருக்கும். அது பேச்சுப் பதிவுகளுக்காக வந்தது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

8. பெல்ட் நல்லதா, டைரக்ட் டிரைவ் நல்லதா?

இதைப் பற்றி உலகமே சண்டை போடுகிறது. நம் தேவைக்கு அந்தச் சண்டை வேண்டாம். ரப்பர் பெல்ட் காலப்போக்கில் தளர்ந்து வேகம் குறையும், மாற்ற வேண்டிவரும். நம் வெயிலில் அது சற்று முன்னதாகவே நடக்கும். மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும் டைரக்ட் டிரைவில் அந்த வேலை இல்லை. விலை ஒத்துவந்தால் டைரக்ட் டிரைவ் வாங்குங்கள்.

9. மச்சான் அமெரிக்காவிலிருந்து ஒரு நல்ல பழைய பிளேயர் கொண்டுவந்தார். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டும் பாட்டு இழுக்கிறது. ஏன்?

டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டை 120 ஆக்கும். மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸ். பழைய பிளேயர்களின் ஏ.சி. மோட்டார் அதிர்வெண்ணைப் பின்பற்றிச் சுழல்வதால் வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறைந்து, 33⅓ சுற்று 27.8 சுற்றாகிவிடும். சவூதியிலும் 60 ஹெர்ட்ஸ்தான். அங்கிருந்து வரும் பழைய பிளேயருக்கும் இதே கதை. சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைப் போலவே 50 ஹெர்ட்ஸ் என்பதால், நாகூர், கூத்தாநல்லூர் வீடுகளில் அந்தக் காலத்தில் கப்பலில் வந்திறங்கிய பிளேயர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சில பிளேயர்களில் மோட்டார் அச்சில் உள்ள சிறு கப்பியை 50 ஹெர்ட்ஸ் கப்பியாக மாற்றிச் சரிசெய்யலாம். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் அடாப்டருடன் வரும் புதிய பிளேயர்கள் எந்த நாட்டில் வாங்கினாலும் இங்கே ஓடும்.

10. பிளேயர் வயரை லேப்டாப் மைக் ஓட்டையில் குத்தினேன். சத்தம் தகர டப்பாவில் கேட்கிற மாதிரி இருக்கிறதே?

இன்றைய காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட் மின்குறிதான். அது சிறியது என்பதோடு வேண்டுமென்றே கோணலாக்கப்பட்டதும்கூட: தட்டில் வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, உயர்ந்த ஒலிகளைக் கூட்டி வெட்டுகிறார்கள். அதைத் தலைகீழாக நேர்செய்து பெருக்குவதுதான் போனோ ப்ரீஆம்ப்பின் வேலை. மைக் துளை பெருக்கும், நேர்செய்யாது. அதனால்தான் தகர டப்பா. அதோடு பெரும்பாலான லேப்டாப்புகளின் மைக் துளை மோனோ என்பதால் ஒரு பக்க ஒலி அடியோடு போய்விடும்.

எனவே பிளேயர், ப்ரீஆம்ப், ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்கேற்ற எண்களாக்கும் கருவி), கணினி என்பதே சரியான வரிசை. ப்ரீஆம்ப் பிளேயருக்குள்ளேயே இருந்தால் பின்புறத்தில் 'போனோ', 'லைன்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். 'லைன்' பக்கம் வைத்தால் நேராக இன்டர்ஃபேஸுக்குப் போகலாம். உள்ளும் வெளியுமாக இரண்டு ப்ரீஆம்ப்பை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிவிட்டு, ஒலி பிய்கிறது என்று வருந்துபவர்களும் உண்டு. பழைய மைக்செட் ஆம்பிளிபயரில் 'போனோ' என்று எழுதியிருக்கும் துளையை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் ஐந்தாம் விடையில் சொன்ன செராமிக் கார்ட்ரிட்ஜுக்கானது.

11. அப்படியானால் யு.எஸ்.பி. உள்ள பிளேயர் வாங்கினால் இந்தத் தலைவலி எல்லாம் தீர்ந்துவிடுமே?

பாதி தீரும். வயர் ஒன்றுதான், மென்பொருள் உடனே கண்டுகொள்ளும். ஆனால் பிளேயருக்குள் ஒலியை எண்களாக்கும் மாற்றி சாதாரணத் தரத்ததாக, 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவோடு நிற்பதாக இருக்கும். சினிமாப் பாட்டு 45-களுக்கு அது தாராளம். ஓர் ஊரில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கும் நாகஸ்வரத் தட்டுக்குத் தனி இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். யு.எஸ்.பி. இருக்கிறதே என்று பிளேயரைத் தேர்ந்தெடுப்பது தலைகீழ் வரிசை. ஊசியும் கையும் நன்றாக உள்ள பிளேயரில் யு.எஸ்.பி.யும் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

12. பதிவு முழுக்க 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். எர்த் கொடுத்தும் போகவில்லை.

பிளேயரிலிருந்து வரும் மெல்லிய எர்த் கம்பியை ப்ரீஆம்ப்பின் திருகாணியில் முறுக்க வேண்டும். சுவரில் உள்ள பிளக்கின் எர்த் வேறு, இது வேறு. அடுத்து, லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்; பல வீடுகளில் இரைச்சல் அதோடு நின்றுவிடுகிறது. மின்தடை நேரத்தில் இன்வெர்ட்டரில் பதிவு செய்யாதீர்கள். சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டர்கள் மோட்டாரையும் முனக வைக்கும், பதிவிலும் புகுந்துகொள்ளும்.

இரைச்சல் மின்சாரத்தில் இல்லாமல் தரையிலும் இருக்கலாம். ஊஞ்சல் ஆடும் கூடத்தில், மரப்பலகை பாவிய மாடியில் பிளேயரை வைத்தால் ஒவ்வோர் ஆட்டமும் நடையும் தாழ்ந்த உறுமலாகப் பதியும். கனமான கல் மேடை இருந்தால் அதன்மேல் வையுங்கள். வீடு அடங்கிய பின் பதிவு செய்யுங்கள்.

13. தட்டெல்லாம் பூஞ்சை பிடித்திருக்கிறது. கஜா புயலில் நனைந்தவையும் இருக்கின்றன. எதைப் போட்டுக் கழுவுவது?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் வீடுகளின் பரண் ஈரத்தை உறிஞ்சுவதால் பூஞ்சை இல்லாத பெட்டியைப் பார்ப்பதே அரிது. 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜாவில் நனைந்தவற்றில் சேறும் உப்பும் சேர்ந்திருக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளித் திண்ணையில், உலர்ந்த மென்தூரிகையால் முதலில் பூஞ்சையைத் தட்டிவிடுங்கள். பிறகு பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் வாசனை சேர்க்காத திரவ சோப்பு ஒரு சொட்டு கலந்து, மென்துணியை நனைத்து, வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் வடிநீரால் மீண்டும் துடைத்து, நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். லேபிள் நனையக் கூடாது. போர்வெல் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு காய்ந்து பள்ளத்தில் நின்றுவிடும்.

வினைலுக்குச் சொல்லப்படும் ஆல்கஹால் கலந்த திரவங்களை 78-இல் ஒருபோதும் தடவாதீர்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும். மேசைக்குப் பாலிஷ் போடுபவர் ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைப்பதும் அதனால்தான். தண்ணீரில் ஊறவைப்பதும் கூடாது. சில தட்டுகளின் உட்புறத்தில் காகித அடுக்கு உண்டு. விளிம்பு விரிசல் வழியே நீர் இறங்கினால் அது உப்பிவிடும்.

14. எங்கள் அப்பா மைக்செட் வைத்திருந்தார். அவருடைய தட்டுகளில் பாட்டே கேட்கவில்லை, புஸ் என்கிறது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று ஒரே தட்டை நூற்றுக்கணக்கில் ஓட்டிய ஊசிகள் அவை. டியூப்லைட்டின் கீழ் தட்டைச் சாய்த்துப் பாருங்கள்: வரிகள் கறுத்துப் பளபளத்தால் நல்லது, சாம்பல் பூத்திருந்தால் தேய்வு. பாட்டு ஓங்கும் இடங்களில், குறிப்பாக உச்சஸ்தாயியில் நிற்கும் இடங்களில், அந்தச் சாம்பல் பட்டையாகவே தெரியும்.

ஆனால் தேய்வு பள்ளத்தின் சுவர் முழுவதும் சமமாக இருப்பதில்லை. பழைய ஊசி தொட்ட உயரத்தில்தான் சிதைவு. அதற்குச் சற்று மேலோ கீழோ தொடாத சுவர் மிஞ்சியிருக்கும். 78 ஊசிகள் அங்குலத்தில் ஆயிரத்தில் 2 பங்கு முதல் 4 பங்கு வரை பல முனை அளவுகளில் செய்யப்படுகின்றன. அளவை மாற்றிப் பார்க்கும்போது, போய்விட்டது என்று நினைத்த குரல் முன்னால் வந்து நிற்பது உண்டு. இன்னொரு வழியும் இருக்கிறது: 78 மோனோ என்றாலும் ஸ்டீரியோவாகவே பதிவு செய்யுங்கள். இடம், வலம் இரண்டும் பள்ளத்தின் இரண்டு சுவர்கள். அவற்றில் ஒன்று மற்றதைவிடச் சுத்தமாக இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே தரமாக இருந்தால் கூட்டி மோனோவாக்குங்கள். மேலும் கீழுமாக ஊசி குதிப்பதால் வரும் இரைச்சல் ஓரளவு தன்னைத்தானே அடித்துக்கொண்டு குறையும்.

15. எம்.பி.3 ஆகவே நேராகப் பதிவு செய்துவிடலாமா?

வேண்டாம். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்து, வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாகச் சேமியுங்கள். ஒலிக் காப்பகங்கள் பின்பற்றும் அளவும் அதுவே. ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்கு சுமார் 35 எம்.பி. பிடிக்கும், 40 நிமிட எல்.பி. ஒன்று 1.4 ஜி.பி. ஃப்ளாக் தரம் குறையாமலே அதைச் சுருக்கும். ஒலி உச்சம் மைனஸ் 6 டெசிபல் அருகே நிற்கும்படி அளவை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அத்தைக்கு அனுப்ப எம்.பி.3 பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

16. நான் நாகஸ்வரம் வாசிக்கிறவன். தட்டோடு சேர்ந்து வாசித்தால் சுருதி சேரவே மாட்டேன் என்கிறது. பிளேயர் கோளாறா, தட்டுக் கோளாறா?

இரண்டும் இருக்கலாம். 78 என்பது பெயரளவு வேகம்; தொடக்க காலத் தட்டுகள் 70 முதல் 82 வரை பல வேகங்களில் வெட்டப்பட்டன. சுருதி 2 கட்டையிலிருந்து 2½ கட்டைக்கு ஏற வேகம் ஏறத்தாழ 6 சதவீதம் கூட வேண்டும். 78-இல் அது நிமிடத்துக்கு நாலரைச் சுற்றுக்குச் சற்று மேல். ஆகவே இரண்டு சுற்று பிசகினாலே சுருதி சேராமல் காதை உறுத்தும். முதலில் பிளேயரைச் சோதியுங்கள்: சுழலும் தட்டின்மேல் வைக்கும் ஸ்ட்ரோபோஸ்கோப் அட்டையில் 50 ஹெர்ட்ஸுக்கான 77 கோடுகள் உள்ள வட்டம் குழல்விளக்கின் கீழ் அசையாமல் நின்றால் 78 சரி. எல்.இ.டி. விளக்கின் கீழ் இந்தச் சோதனை பலிக்காமல் போகலாம். பழைய சோக் வைத்த டியூப்லைட் வேண்டும்.

பிளேயர் சரியாக இருந்தும் சுருதி இடித்தால் தட்டின் வேகத்தைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாடகப் பாட்டில் ஹார்மோனியம் துணை நல்ல சாட்சி, அதன் சுருதி கலைஞருக்கேற்ப நெகிழாது. நாகஸ்வரத்தில் எச்சரிக்கை தேவை. திமிரி நாகஸ்வரத்தின் சுருதி உயர்ந்தது, பாரியின் சுருதி தாழ்ந்தது. பாரி நாகஸ்வரத்தை நிலைநிறுத்தியவர் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). அதற்கு முந்திய தட்டுகளை இன்று பழகிய பாரி சுருதிக்கு இறக்கினால் விரலடியும் தவிலின் நடையும் தளர்ந்து தொங்கும். சுருதியையும் காலப்பிரமாணத்தையும் சேர்த்துக் கேட்டு முடிவு செய்யுங்கள். இதற்காகத்தான் ஏழாம் விடையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியைக் கேட்டேன்.

17. மென்பொருளில் கரகரப்பை நீக்கினேன். தவில் சத்தம் செத்துப்போய்விட்டது!

'டக்' என்ற சொடுக்கு ஒலியை நீக்கும் கருவி, திடீரென்று எழுந்து அடங்கும் எதையும் சொடுக்கு என்றே கருதும். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழும் அடியும் அப்படித்தான் எழுகிறது. சேர்த்தே வழித்துவிடும். அதேபோல் உறுமலைக் குறைக்கத் தாழ்ந்த ஒலிகளை வெட்டினால் இடப்பக்கமான தொப்பியின் கும்காரம் போகும். தொடர் இரைச்சலைக் கடுமையாக நீக்கினால் சுருதி பிடிக்கும் ஒத்து மெலியும். மொத்தமாக ஓட்டாமல், பெரிய சொடுக்குகளை மட்டும் பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொன்றாக நீக்குங்கள். எது செய்தாலும் பிரதியில் செய்யுங்கள். பதினைந்தாம் விடையில் சொன்ன முதல் கோப்பு கை படாமல் இருக்கட்டும்.

18. 78 வேகம் இல்லாத பிளேயரை ஏற்கெனவே வாங்கித் தொலைத்துவிட்டேன். வழி உண்டா?

உண்டு. 78-க்கான ஊசியை மாட்ட முடிந்தால், தட்டை 45-இல் ஓட்டிப் பதிவு செய்து, ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றும் கருவியில் 45-இலிருந்து 78 என்று தேர்ந்தெடுங்கள், கோப்பு 1.73 மடங்கு விரைவாகிச் சரியான சுருதிக்கு வரும். நெளிந்த தட்டுகளில் ஊசி மெதுவான வேகத்தில் குதிக்காமல் நிற்பதால், 78 வேகம் உள்ளவர்களும் இந்த முறையைக் கையாள்கிறார்கள்.

குறை என்னவென்றால், பத்தாம் விடையில் சொன்ன ப்ரீஆம்ப்பின் நேர்செய்தல் தவறான வேகத்தில் நடந்திருக்கும். அது 1950களின் நடுவில் பொது விதியான ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற வளைகோட்டின்படி நடப்பது. பழைய 78-கள் பலவும் அதற்கு முந்தியவை என்பதால் அவற்றுக்கு அது எப்படியும் முழுமையாகப் பொருந்துவதில்லை. வேகம் மாற்றுவதற்கு முன் அந்த வளைகோட்டைத் தலைகீழாகப் போட்டு நீக்கிவிட்டு, மாற்றிய பின் காதுக்கு ஏற்றபடி தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைச் சரிசெய்துகொள்ளுங்கள். மின் இரைச்சலையும் முன்னதாகவே நீக்குங்கள். 50 ஹெர்ட்ஸில் இருந்தது வேகம் மாற்றிய பின் ஏறக்குறைய 87-க்குப் போய் ஒளிந்துகொள்ளும்.

19. ஏற்றியதை யூடியூபில் போடலாமா? கேஸ் வருமா?

உங்கள் வீட்டில் கேட்கவும் ஆராயவும் பிரதி எடுப்பதை 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. பொதுவெளியில் போடுவது வேறு. ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 1960-இல் வந்த தட்டின் உரிமை 2020 முடிவோடு தீர்ந்தது. ஆனால் பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி. அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் நிற்கும். தியாகராஜர் கீர்த்தனையை வாசித்த 1940களின் தட்டில் இரண்டு சிக்கலும் இல்லை. சினிமாப் பாட்டில் இரண்டையும் பார்க்க வேண்டும். உரிமை முடிந்திருந்தாலும் தளத்தின் தானியங்கி முறை தடை எழுப்பலாம். அப்போது காட்டுவதற்காக லேபிளையும், லேபிளைச் சுற்றி அரக்கில் குத்தியிருக்கும் எண்ணையும் படம் எடுத்து வையுங்கள்.

20. ஒரே ஒரு தட்டு, விளிம்பிலிருந்து லேபிள் வரை விரிசல். ஒட்டிவிட்டு ஓட்டலாமா?

பசையை வரிகளின்மேல் இடாதீர்கள். பள்ளத்தில் இறங்கிய பசையை எடுக்க முடியாது. விரிசல் விலகாமல் இருந்தால் அப்படியே ஓட்டலாம். விலகினால் தட்டின் வெளி ஓரத்தில், பாட்டு தொடங்குவதற்கு முன் உள்ள வெற்றுப் பகுதியில், சிறு துண்டு டேப்பைக் குறுக்கே ஒட்டி இரு பக்கமும் சம உயரத்தில் நிற்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கி நின்றால் ஊசி அதில் மோதி முறியும். ஊசி உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு இறங்கும்படி அமைந்தால் ஆபத்து குறைவு.

பதினெட்டாம் விடையில் சொன்னபடி 45-இல் ஓட்டுங்கள். சுற்றுக்கு ஒரு சொடுக்கு விழும். 3 நிமிடப் பாட்டில் அது ஏறக்குறைய 230 சொடுக்கு. எல்லாம் ஒரே இடைவெளியில் வருவதால் கண்டுபிடிப்பது எளிது, கையால் ஒவ்வொன்றாக நீக்க ஓர் இரவு பிடிக்கும். பதிவு நன்றாக வந்துவிட்டது என்று கேட்டு உறுதி செய்த பிறகே டேப்பை எடுங்கள். எடுக்கும்போது தட்டை மேசையில் படுக்கவைத்து, விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக உரியுங்கள்.